மாட்டுப்பட்டிகளின் மன்னர் சேர் சிட்னி கிட்மன் (1857 – 1935)

ஒரு குடும்பத்தின் செல்வத்தை அதன் பட்டியிலே நிற்கும் மாடுகளைக் கொண்டு கணக்கிட்ட காலம் ஒன்று இருந்தது. வயலும் மாடும் உள்ள வீட்டைப் பஞ்சம் எட்டிப் பார்க்கவும் அஞ்சும் என்பது கமக்காரக் குடும்பங்களில் வழிவழியாக வந்த நம்பிக்கை. ஆயினும் மழை பொய்த்து, குளம் வற்றி, தரவையிலே புல் கருகிவிட்டால் அந்தச் செல்வம் ஒரே கோடையில் எலும்புக் குவியலாகிவிடும் என்பதையும் மாடு வளர்ப்போர் நன்கறிவர். உலகிலேயே மிகவும் வரண்ட கண்டங்களுள் ஒன்றாகிய அவுஸ்திரேலியாவில், தண்ணீர் எங்கே வரும், எப்போது வரும் என்பதை மனத்தில் எழுதி வைத்துக் கொண்டு, இங்கிலாந்து தேசத்தை விடப் பரந்த மேய்ச்சல் நிலத்தை ஆண்ட ஒருவர் இருந்தார். அவரே மாட்டு மன்னர் எனப் பெயர் பெற்ற சேர் சிட்னி கிட்மன் ஆவார். வெறுங்கையுடன் வீட்டை விட்டுச் சென்ற சிறுவன், ஒரு பெரிய கமக்காரக் குடும்பத்தின் மூத்தவராக உயர்ந்து 78 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த வரலாறு, மண்ணையும் மாட்டையும் நம்பி வாழ்வோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் இளமையும்

சிட்னி கிட்மன் 1857ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி, தென் அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெய்டுக்கு அண்மையில் உள்ள அத்தெல்ஸ்ரன் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் கிட்மன் ஒரு கமக்காரர். தாயார் எலிசபெத் மேரி. பிள்ளை பிறந்த அதே ஆண்டின் இறுதியிலே தந்தையார் காலமானார். கைக்குழந்தையும் அவனுக்கு மூத்த பிள்ளைகளுமாகக் குடும்பம் தத்தளித்தது. தாயார் மறுமணம் செய்து கொண்ட போதிலும் வீட்டிலே வசதி பெருகவில்லை. சிட்னி சிறிது காலம் நோர்வூட்டில் பள்ளிக்கூடம் சென்றார். ஏட்டுக் கல்வி அத்துடன் முடிந்தது.

அண்ணன்மார் ஏற்கனவே வடக்கே மாட்டுத் தொழிலை நாடிச் சென்றிருந்தனர். சிட்னிக்குப் 13 வயதானபோது அவரும் புறப்பட்டுவிட்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாங்கிய ஒரு குதிரையும், சட்டைப்பையில் 5 சிலிங்கும் மட்டுமே அவரது முதுசம். அந்தக் குதிரைக்கும் ஒரு கண் பார்வை இல்லை. ஒற்றைக் கண் குதிரையில் ஏறி, நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்த பரியர் மலைப் பகுதியை நோக்கிச் சென்ற அந்தச் சிறுவன் பின்னாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு உரிமையாளன் ஆவான் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க முடியாது.

காடே பள்ளிக்கூடம்

அங்கே அவர் முதலில் சேர்ந்தது சொந்த நிலமில்லாத ஒரு மாட்டுக்காரரிடம். புல் உள்ள இடத்தில் மந்தையை நிறுத்தி, புல் முடிந்ததும் வேறிடம் நகர்வது அந்த மனிதரின் வாழ்க்கை. நிலத்தைக் குடைந்து அமைத்த பொந்து போன்ற ஒரு குடிலே இருப்பிடம். அவர்களுடன் அந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். மாடு குதிரைகளின் காலடியைக் கொண்டு அவை போன திசையைக் கண்டுபிடிப்பது, வரண்ட ஆற்று மணலில் எங்கே தோண்டினால் நீர் ஊறும் என்பதை அறிவது, பறவைகள் மாலையில் பறக்கும் திசையைப் பார்த்து நீர்நிலையை உணர்வது முதலிய காட்டு வித்தைகள் யாவும் ஆதிக்குடி மக்களின் பல்லாயிரம் ஆண்டு அறிவிலிருந்து வந்தவை. கிட்மனின் பிற்கால வெற்றிகள் அனைத்துக்கும் அத்திவாரம் இந்தக் காலத்திலேதான் இடப்பட்டது.

அதே நாட்டின் குப்பர்ஸ் கிறீக் ஆற்றங்கரையில் 1861ஆம் ஆண்டு பேர்க், வில்ஸ் என்னும் புகழ்பெற்ற தேசாந்தரிகள் இருவரும் உணவின்றி உயிர் துறந்திருந்தனர். கண்டத்தைக் குறுக்கறுத்துச் சென்று திரும்பிய அவர்கள், யன்ருவந்தா என்னும் ஆதிக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த நீர்க்கரையிலேயே மடிந்தார்கள். அவர்களுடன் சென்ற ஜோன் கிங் என்பவர் மட்டும் அந்த மக்களின் பராமரிப்பினால் உயிர் தப்பினார். மண்ணை அறிந்தவருக்கு அது தாய், அறியாதவருக்கு அதுவே மயானம். கிட்மன் பையனாக இருந்தபோதே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்.

பின்னர் மவுண்ட் கிப்ஸ் என்னும் பெரிய பண்ணையில் வாரம் 10 சிலிங் கூலிக்கு வேலை செய்தார். எடுபிடி வேலையில் தொடங்கி, எருது பூட்டிய வண்டில் செலுத்துபவராக உயர்ந்தார். கூலியிலே மிச்சம் பிடித்துச் சொந்தமாக ஒரு எருதுக் கூட்டத்தையும் வண்டிலையும் வாங்கினார். அக்காலத்தில் கோபார் என்னும் இடத்தில் செம்புச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டுச் சனங்கள் அங்கே குவிந்தனர். கிட்மன் செம்பைத் தேடிப் போகவில்லை. செம்பைத் தேடிப் போனவர்களுக்கு மா, சீனி, தேயிலை, இறைச்சி ஆகியவற்றைக் கொண்டுபோய் விற்றார். சுரங்கத்துக்கு வந்தவர்களிற் பலர் வெறுங்கையுடன் திரும்ப, வண்டிலோட்டி வந்த இளைஞர் கையில் முதல் சேர்ந்தது. 21 வயதானபோது பாட்டனாரின் ஆதனத்திலிருந்து 400 பவுண் அவருக்குக் கிடைத்தது. அதையும் முதலாக்கி மாடு, குதிரை வாங்கி விற்கும் தொழிலில் முழுமையாக இறங்கினார்.

கைநழுவிய வெள்ளிமலை

1883ஆம் ஆண்டு மவுண்ட் கிப்ஸ் பண்ணையில் வேலி பார்க்கும் தொழிலாளியாக இருந்த சார்ள்ஸ் ராஸ்ப் என்பவர், பண்ணைக்குள் இருந்த ஒரு கரடுமுரடான குன்றில் கனிமம் இருப்பதைக் கண்டார். அதுவே உலகப் புகழ் பெற்ற புரோக்கன் ஹில் வெள்ளி, ஈயச் சுரங்கமாயிற்று. அந்தச் சுரங்கத்தின் ஆரம்பப் பங்குகள் பதினான்கில் ஒன்று கிட்மனிடம் வந்து சேர்ந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை 10 எருதுகள். சிறிது காலத்தில் அதை ஏறத்தாழ 150 பவுண் இலாபத்துக்கு அவர் விற்றுவிட்டார். பின்னாளில் அந்த ஒரு பங்கின் பெறுமதி இலட்சக்கணக்கான பவுண்களாக ஏறியது.

இப்படி ஒரு வாய்ப்புக் கைநழுவினால் ஆயுள் முழுவதும் அதையே நினைத்து நொந்து கொள்வோர் உண்டு. கிட்மன் அவ்வாறு ஓய்ந்து போனவரல்லர். தமக்குத் தெரிந்த தொழில் மாடு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சுரங்கத்தினால் புரோக்கன் ஹில்லில் ஒரு நகரமே எழுந்தது. அந்த நகரத்துக்கு வேண்டிய மாடுகளைக் கிட்மன் சகோதரர்கள் கொண்டுவந்து விற்றனர். நிலத்தின் கீழிருந்த வெள்ளி தப்பிப் போனாலும், நிலத்தின் மேலிருந்த செல்வம் தப்பவில்லை.

இல்லறமும் சகோதர ஒற்றுமையும்

1885ஆம் ஆண்டு யூன் 30ஆம் திகதி கப்புண்டா என்னும் ஊரில் இசபெல் பிரவுண் ரைட் என்னும் ஆசிரியையை அவர் மணந்தார். ஏட்டுக் கல்வி குறைந்திருந்த கணவருக்குக் கற்பிக்கும் தொழிலை அறிந்த மனைவி வாய்த்தது ஒரு பாக்கியமே. மாதக்கணக்காகக் கணவர் உள்நாட்டில் அலைந்து திரிந்த காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கி நின்றவர் அந்த அம்மையார். அரை நூற்றாண்டு காலம் நீடித்தது அவர்களது இல்லறம்.

அண்ணன் சக்வில் கிட்மனும் சிட்னியும் கூட்டாகக் குதிரை வண்டிச் சேவையொன்றை நடத்தினர். புகையிரதம் செல்லாத ஊர்களுக்குத் தபாலையும் பயணிகளையும் ஏற்றிச் செல்லும் இந்தத் தொழிலில் கொப் அன் கோ என்ற பிரபல நிறுவனத்துக்கு அடுத்த நிலையில் அவர்கள் இருந்தனர். இத்தொழில் வருமானத்தைத் தந்ததோடு, நாட்டின் மூலைமுடுக்கெங்கும் எங்கே மழை பெய்தது, எங்கே புல் உண்டு, எந்தப் பண்ணை விலைக்கு வருகிறது என்ற செய்திகளையும் வண்டிலோடு கொண்டுவந்து சேர்த்தது. 1899ஆம் ஆண்டு சக்வில் காலமானார். தோளோடு தோள் நின்ற தமையனின் பிரிவு சிட்னிக்குப் பேரிழப்பாயிற்று. குடும்பத் தொழிலின் முழுப் பாரமும் அதன்பின் அவர் ஒருவர் மீதே வீழ்ந்தது.

நீரோடும் வழியே நிலம்

கிட்மனின் பெருமைக்கு அடிப்படையாக அமைந்தது அவர் வகுத்த திட்டமேயாகும். அதை விளங்கிக் கொள்வதற்கு அந்த நாட்டின் ஆறுகளைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

வட குயின்ஸ்லாந்திலும் மேற்குக் குயின்ஸ்லாந்திலும் பருவமழை பெய்யும்போது ஜோர்ஜினா, டயமன்ரினா, குப்பர்ஸ் கிறீக் ஆகிய ஆறுகள் பெருக்கெடுக்கும். ஆனால் இவை கடலுக்குச் செல்வதில்லை. தென்மேற்கு நோக்கி நாட்டின் நடுவே ஓடி, நூற்றுக்கணக்கான கால்களாகப் பிரிந்து, சமவெளியெங்கும் பரவி நிற்கும். பெரிய வெள்ள ஆண்டுகளில் மட்டும், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் ஐர் ஏரியைச் சென்று சேரும். இதனால் ஒரு துளி மழையும் பெய்யாத பாலையிலே, எங்கோ தொலைவில் பெய்த மழையின் நீர் வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து நிலத்தை நனைத்துச் செல்லும். வெள்ளம் வடிந்ததும் அந்த வண்டல் மண்ணில் எழும் புல்லுக்கு ஈடு இல்லை. மெலிந்து வந்த மாடு அங்கே சில மாதங்களில் கொழுத்துவிடும்.

மற்றையோர் ஒரே இடத்தில் பண்ணை வைத்து வானத்தைப் பார்த்திருக்க, கிட்மன் வேறுவிதமாகச் சிந்தித்தார். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வரண்டு போவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே ஒன்றையடுத்து ஒன்றாகப் பண்ணைகளைச் சங்கிலி போலக் கோத்து வைத்துக் கொண்டால், புல் இல்லாத இடத்திலிருந்து புல் உள்ள இடத்துக்கு மாடுகளைச் சொந்த நிலத்தின் வழியாகவே நகர்த்தலாம் என்று திட்டமிட்டார். 1893ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் வங்கிகள் பல முறிந்தன. அடுத்து வரட்சியும் தொடங்கவே பலர் பண்ணைகளைக் குறைந்த விலைக்குக் கைவிட்டனர். 1890களின் நடுப்பகுதியிலிருந்து கிட்மன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கக் குத்தகை நிலமே.

முதலாவது சங்கிலி வடக்கே கார்ப்பென்ரேரியா வளைகுடாவிலிருந்து மேற்குக் குயின்ஸ்லாந்து ஆறுகளின் வழியே தெற்கே இறங்கி, புரோக்கன் ஹில்லைத் தொட்டு, அடிலெய்ட் சந்தைக்கு எட்டும் தூரம் வரை நீண்டது. இரண்டாவது சங்கிலி வடமேற்கே கிம்பர்லி, விக்ரோரியா ஆறு ஆகிய பகுதிகளில் தொடங்கி, நடு அவுஸ்திரேலியாவைக் கடந்து, ஊட்னடத்தா வழியாகப் பிளின்டேர்ஸ் மலைத்தொடர் வரை வந்தது. மாடுகள் புல் மேய்ந்தபடி நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் வீதம் தெற்கே நடக்கும். வழியிலே ஓரிடத்தில் தங்கிக் கொழுக்கும். ஊட்னடத்தா, மரீ முதலிய புகையிரத நிலையங்களை அடைந்ததும், எந்தச் சந்தையில் விலை உயர்வோ அந்தச் சந்தைக்கு அனுப்பப்படும். அவை இறைச்சிக்காக விற்கப்பட்ட மாடுகள் என்பதையும் இங்கு மறைக்காமற் கூறவேண்டும். அந்நாட்டின் மாட்டு வாணிபம் அன்றும் இன்றும் அதுவே.

மாடு சாய்த்துச் செல்வது இலேசான வேலை அல்ல. ஆயிரம், ஆயிரத்து இருநூறு மாடுகள் கொண்ட ஒரு மந்தையை ஏழெட்டுப் பேர் நடத்திச் செல்வர். இரவிலே முறை வைத்துக் குதிரையில் சுற்றிக் காவல் காப்பர். இடி முழங்கினால் மந்தை மிரண்டு ஓடிக் காவற்காரரையே மிதித்துவிடும். அடுத்த நீர்நிலை வரண்டிருந்தால் மந்தையே அழியும். எனவே எந்த மடுவில் எவ்வளவு நீர் நிற்கும், அது எத்தனை மாடுகளுக்கு எத்தனை நாள் காணும் என்ற கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்குக் கிட்மனின் தலைக்குள்ளே இருந்தது. மனேஜர்களிடமிருந்து வரும் கடிதங்களையும் தந்திகளையும் கொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் நிற்கும் மந்தையை எப்போது கிளப்புவது என்று அவர் வீட்டிலிருந்தே கட்டளையிட்டார். ஆண்டில் பல மாதங்கள் தாமே நேரில் சென்று பார்த்தும் வந்தார்.

பெருவரட்சி

1895ஆம் ஆண்டளவில் தொடங்கி 1902 வரை நீடித்த பெருவரட்சி அவுஸ்திரேலியாவை உலுக்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோடிக்கு மேல் இருந்த அந்நாட்டுச் செம்மறிகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆறுகள் மணற்பாதைகளாயின. நீர்நிலைகளைச் சுற்றிச் செத்த மாடுகளின் எலும்புகள் வெண்மையாகக் குவிந்து கிடந்தன. பரம்பரையாகப் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் திறப்பை வங்கியிடம் கொடுத்துவிட்டு வெளியேறின.

கிட்மனும் இதில் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான மாடுகளை அவர் இழந்தார். ஆயினும் ஒரு பண்ணை அழிந்தபோது இன்னொரு பண்ணை காத்தது. எஞ்சிய மாடுகளை நீர் உள்ள இடத்துக்கு நகர்த்தினார். மற்றையோர் அஞ்சி ஒதுங்கிய நேரத்திலே மேலும் நிலம் எடுத்தார். மழை திரும்பியபோது, நாட்டிலே மாடு அரிதாகி விலை ஏறியிருந்தது. விற்பதற்கு மாடு வைத்திருந்த மிகச் சிலருள் கிட்மன் ஒருவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர் ஆண்ட நிலம் இங்கிலாந்தை விடப் பெரியது. அதாவது இலங்கைத் தீவைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. இன்னமிங்கா, கிளென்ஜைல், டர்ஹம் டவுன்ஸ், மக்கும்பா முதலிய பண்ணைகள் அவரது குடும்பப் பெயரோடு இணைந்தவை.

கப்புண்டாக் குதிரைச் சந்தை

மாட்டினால் பெயர் பெற்ற கிட்மன் குதிரையினாலும் புகழ் பெற்றார். கப்புண்டாவில் ஆண்டுதோறும் அவர் நடத்திய குதிரை ஏலம் நாட்கணக்காக நடைபெறும். உள்நாட்டுப் பண்ணைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கே வந்து குவியும். இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைகளுக்கு வேலர் எனப்படும் அவுஸ்திரேலியக் குதிரைகள் அக்காலத்தில் பெருந்தொகையாக வாங்கப்பட்டன. நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரின் இறுதிச் சொல்லிலிருந்தே அக்குதிரைகளுக்கு அப்பெயர் வந்தது. வெயிலையும் தாகத்தையும் தாங்கும் அவற்றின் வலிமை உள்நாட்டு வரட்சி கற்றுக்கொடுத்த வலிமையாகும். அந்தச் சந்தையினால் சிறிய ஊராகிய கப்புண்டாவின் பெயர் கடல் கடந்தும் பேசப்பட்டது.

எளிமையும் சிக்கனமும்

இத்தனை செல்வத்துக்கு நடுவிலும் கிட்மன் மது அருந்தியதில்லை, புகைத்ததில்லை, கடுஞ்சொல் கூறியதில்லை. உயர்ந்த உருவமும் மென்மையான குரலும் புன்னகையும் கொண்டவர். பயணத்தின்போது தொழிலாளருடன் சேர்ந்து நிலத்திலே படுத்துறங்குவார். வீண் செலவு அவருக்கு அறவே பிடிக்காது. அடுப்பிலே நெருப்பு எரிந்து கொண்டிருக்க, சுங்கானைப் பற்றவைக்கத் தீக்குச்சி கிழித்த ஒருவரை அவர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை நாடெங்கும் உலாவியது. அது உண்மையோ கட்டுக்கதையோ, அவரது சிக்கனத்தைப் பற்றிச் சனங்கள் கொண்டிருந்த எண்ணத்தை அது காட்டுகின்றது.

ஆனால் சிக்கனம் வேறு, உலோபம் வேறு. முதலாம் உலகப் போரின்போது அவர் குதிரைகளையும் போர் விமானங்களையும் ஏனைய பொருட்களையும் அரசாங்கத்துக்கு நன்கொடையாக வழங்கினார். இரட்சணிய சேனை முதலிய தரும தாபனங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். 1921ஆம் ஆண்டு பிரித்தானிய மன்னரால் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. அதே ஆண்டில், கப்புண்டாவில் தாம் வாழ்ந்த எரிங்கா என்னும் மாளிகையைக் கல்வித் திணைக்களத்துக்குத் தானமாகக் கொடுத்தார். பதின்மூன்று வயதில் படிப்பைத் துறந்து சென்றவரின் வீடு, ஊர்ப் பிள்ளைகளின் உயர்நிலைப் பாடசாலையாயிற்று.

எதிர்த்துப் பேசியோர்

கிட்மனைப் புகழ்ந்தோர் எத்தனை பேரோ அத்தனை பேர் இகழ்ந்தும் பேசினர். ஒருவரே இவ்வளவு நிலத்தை வைத்திருந்தால் சிறிய கமக்காரர் எங்கே குடியேறுவது என்று பத்திரிகைகளிலும் பாராளுமன்றங்களிலும் கேள்வி எழுந்தது. அவர் ஒரு பண்ணையை வாங்கினால் ஆட்களைக் குறைப்பார், வீடுகளையும் வேலிகளையும் பழுது பார்க்காமல் விடுவார், நிலம் தாங்காத அளவுக்கு மாடு மேய விடுவார் என்பன அவர் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. வரண்ட நிலத்தில் புல்லின் வேர் அறுந்தால் மண் காற்றோடு போய்விடும். மாடும் செம்மறியும் முயலும் சேர்ந்து உண்டாக்கிய அழிவை 1930களில் எழுந்த புழுதிப் புயல்கள் உலகுக்குக் காட்டின. அந்த அழிவு கிட்மன் ஒருவரால் வந்தது அன்று, எனினும் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. குத்தகைப் பத்திரத்தில் எழுதப்பட்ட அந்த நிலங்கள் யன்ருவந்தா, டீரி, அரபானா முதலிய ஆதிக்குடி மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்து வழிபட்டு வந்த நிலங்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பண்ணைகளில் எல்லாம் மாடு மேய்த்ததிலும் வழி காட்டியதிலும் அவர்களின் உழைப்பு இருந்தது. ஆனால் சம ஊதியம் இருக்கவில்லை. வட ஆள்புலத்துப் பண்ணைகளில் ஆதிக்குடித் தொழிலாளருக்கும் சம ஊதியம் என்ற தீர்ப்பு 1966இல் வந்து, 1968இன் இறுதியிலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆதிக்குடிகளின் நில உரிமையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 1992ஆம் ஆண்டிலாகும். ஐர் ஏரியைச் சூழ்ந்த பரந்த நிலத்தில் அரபானா மக்களின் உரிமை 2012இல் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டது. கிட்மன் அந்த மக்களின் அறிவை மதித்தவர் என்பது உண்மையே. ஆயினும் அறிவைக் கொடுத்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. ஒரு பெரியவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறையாகும்.

முதுமையும் மறைவும்

1920களின் பிற்பகுதியில் மீண்டும் கடும் வரட்சி வந்தது. இம்முறை சங்கிலியின் பல கண்ணிகள் ஒரே காலத்தில் வரண்டு போயின. ஒரு வாழ்நாள் முழுவதும் வரட்சியை வென்று வந்தவரும் முதுமையிலே பெருநட்டத்தைக் காண நேர்ந்தது. எத்தனை திட்டமிட்டாலும் வானம் மனிதனின் கணக்குக்குள் அடங்குவதில்லை. 1927ஆம் ஆண்டில் அவர் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். மகன் வால்ரர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

1932ஆம் ஆண்டு அவரது 75ஆவது பிறந்த ஆண்டை முன்னிட்டு அடிலெய்ட் நகரில் குதிரை, மாடு அடக்கும் போட்டியொன்று நடைபெற்றது. உள்நாட்டிலிருந்து மாடு சாய்ப்பவர்கள் வந்து தமது திறமையைக் காட்டினர். பல்லாயிரக்கணக்கான சனங்கள் முண்டியடித்து உள்ளே புகுந்தனர். உலகப் பொருளாதார மந்தத்தினால் வேலையின்றி மக்கள் வாடிய அந்த ஆண்டிலும், ஒற்றைக் கண் குதிரையில் புறப்பட்ட முதியவரைக் காண அத்தனை கூட்டம் திரண்டது.

1935ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி சேர் சிட்னி கிட்மன் அடிலெய்டில் காலமானார். மனைவியும் ஒரு மகனும் மூன்று புதல்வியரும் அவருக்குப் பின் இருந்தனர். மிச்சம் நகரின் சேமக்காலையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவரது ஆதனம் குடும்பத்தாருக்கும் தரும தாபனங்களுக்குமாகப் பகிரப்பட்டது. மறு ஆண்டே அயன் இட்ரியஸ் என்னும் எழுத்தாளர் அவரது வரலாற்றை மாட்டு மன்னர் என்ற பொருள்படும் பெயரில் நூலாக்கினார். அந்நூல் பலரும் விரும்பிப் படித்த நூலாயிற்று.

பின்வந்தோர்

1899ஆம் ஆண்டு தொடங்கிய கிட்மன் குடும்ப நிறுவனம் மகன், பேரன், பூட்டன் எனத் தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது. அவருக்குப் பின் நிலத்தின் அளவு சுருங்கியது. ஆனாலும் ஆற்று வழியே பண்ணை வைத்து மாடுகளை நகர்த்தும் முறையைப் பின்வந்தோர் கைவிடவில்லை. 2015ஆம் ஆண்டு குடும்பத்தினர் நிறுவனத்தை விற்க முன்வந்தபோதும் ஒரு இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலம் அவர்களிடம் இருந்தது. வெளிநாட்டவர் கைக்கு இவ்வளவு நிலம் போகலாமா என்று அந்நாட்டில் பெரும் விவாதம் எழுந்தது. வெளிநாட்டுக் கம்பனிகளின் கேள்வியை அரசாங்கம் ஏற்கவில்லை. ஈற்றில் 2016ஆம் ஆண்டு ஜீனா ரைன்ஹார்ட் என்னும் அவுஸ்திரேலியச் சுரங்கத் தொழிலதிபர் பெரும் பங்கினராகவும், சீனக் கம்பனி ஒன்று சிறு பங்கினராகவும் அதனை வாங்கினர். உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணையாகிய அன்னா கிறீக் தனியாக வேறொரு பண்ணைக் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. நூற்றுப் பதினேழு ஆண்டுகளின் பின் கிட்மன் குடும்பத்தின் கையிலிருந்து அந்த நிலங்கள் நீங்கின.

மாடும் நிலமும் கைமாறும் செல்வங்கள். ஒரு தலைமுறை தேடியதை இன்னொரு தலைமுறை விற்கும். இது எந்த நாட்டிலும் எந்தக் குடும்பத்திலும் நடப்பதே. சிட்னி கிட்மன் கட்டியெழுப்பிய பண்ணைச் சங்கிலி இன்று அவர் குடும்பத்தாரிடம் இல்லை. ஆனால் கப்புண்டாவில் அவர் பிள்ளைகளின் படிப்புக்கென்று எழுதிக் கொடுத்த வீடு பாடசாலையாகவே நின்றது. தேடிய பொருளில் விற்க முடியாதபடி நிலைத்தது, அவர் கொடுத்த அந்த ஒன்றே எனலாம்.